குன்றுகள் காத்த நகரம்

புனே நகரிற் புதிதாகக் குடியேறும் தமிழர் ஒருவர், முதல் வாரத்திலேயே ஒரு மராட்டிச் சொல்லைக் கற்றுக்கொள்வார். 'டேக்டி' என்பது அச்சொல். சிறு குன்று என்பது அதன் பொருள். பொழுது புலருமுன்னரே முதியோரும் இளையோரும் கையில் ஒரு கோலும் தண்ணீர்க் குப்பியுமாக வீதிகளில் விரைந்து செல்வர். எங்கே செல்கின்றீர்கள் என்று வினவினால், 'டேக்டிக்கு' என்று ஒரே சொல்லில் விடை வரும். சென்னையில் வாழ்வோர்க்குக் கடற்கரை எத்தகையதோ, புனேயில் வாழ்வோர்க்குக் குன்றும் அத்தகையதே. காற்று வாங்குவதும் குன்றின்மேல். கவலை மறப்பதும் குன்றின்மேல். நண்பரொடு வழக்காடுவதும் குன்றின்மேல்.

பழைய நாளிற் பூனா என்று நாம் வழங்கிய இந்நகரம், கடல்மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் முளா, முட்டா என்னும் ஈராறுகள் கூடுமிடத்தில் அமைந்துள்ளது. நகரினுள்ளேயே பார்வதிக் குன்று, பெர்கூசன் கல்லூரிக்குப் பின்னுள்ள அனுமான் குன்று, சதுர்சிருங்கிக் குன்று, வேதாளக் குன்று எனப் பல குன்றுகள் எழுந்து நிற்கின்றன. சற்றுத் தொலைவில், தென்மேற்கே சிங்ககட், அதற்கப்பால் இராஜகட், தோரணா, தென்கிழக்கே புரந்தர், வடமேற்கே லோககட் என மலைக்கோட்டைகள் வரிசையாகச் சூழ்ந்துள்ளன. இவை வெறும் உலாவிடங்கள் அல்ல. இந்நகரின் வரலாறு ஏட்டில் எழுதப்படுமுன் இக்குன்றுகளின்மேல் எழுதப்பட்டது. அவ்வரலாற்றைப் படிக்க விரும்புவோர் நூலகத்திற்குச் செல்வதோடு நில்லாது, கால்நடையாக ஏறியும் பார்த்தல் வேண்டும். அவ்வாறு சில குன்றுகளின்மேல் இன்று நாம் ஏறி வருவோம்.

ஏறுமுன் கால்படும் கல்லைச் சிறிது நோக்குவோம். செஞ்சி மலையிலும் மாமல்லபுரத்திலும் நாம் காணும் கருங்கல் வேறு. இங்குள்ள கரும்பாறை வேறு. இது எரிமலைக் குழம்பு ஆறி இறுகியதனால் உண்டான பாறை. சற்றேறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தின் நிலம் பிளந்து, அப்பிளவுகளின் வழியே நெருப்புக் குழம்பு பொங்கிப் பரந்தது. ஒரு முறை பரந்தது ஆறியபின் மற்றொரு முறை. அதன்மேல் இன்னொரு முறை. இங்ஙனம் அடுக்கடுக்காகப் படிந்தமையால் இம்மலைகள் தொலைவிலிருந்து பார்ப்போர்க்குப் படிக்கட்டுகள்போலத் தோன்றும். படியைக் குறிக்கும் சுவீடிய மொழிச்சொல்லே இப்பாறைக்கு நிலநூலார் இட்ட பெயருக்கும் அடியாயிற்று. வன்மையான அடுக்கு செங்குத்தாக நிற்கும். மென்மையான அடுக்கு மழையிற் கரைந்து சரிவாகும். ஆகவே உச்சியிற் பரந்த சமவெளி, அதனைச் சூழ்ந்து செங்குத்தான பாறைச் சுவர், அதன்கீழ்ச் சரிந்த காடு என்பதே இப்பகுதி மலைகளின் பொதுவடிவம்.

இவ்வடிவமே மராட்டியர் வரலாற்றின் அடிப்படை என்றால் அது மிகையன்று. கோட்டை கட்டுவோன் மதிலெழுப்ப வேண்டிய வேலையிற் பெரும்பகுதியை இயற்கையே முடித்து வைத்திருந்தது. ஏறுவதற்குரிய ஓரிரு வாயில்களை மட்டும் மதிலாலும் கதவாலும் காத்தாற் போதும். பாறை அடுக்குகளைக் குடைந்து தொட்டிகள் அமைத்தால், மழைக்காலத்து நீர் கோடை வரையில் நிற்கும். நீரும் இடமும் உள்ள உச்சியில் ஒரு சிறுபடை ஒரு பெரும்படையை மாதக்கணக்கில் எதிர்த்து நிற்கலாம்.

கோட்டைகளுக்கு மிக முற்பட்ட காலத்திலேயே இம்மலைகளில் மக்கள் நடந்தனர். சஹ்யாத்திரி எனப்படும் மேற்குத் தொடர்ச்சி மலை, கொங்கணக் கடற்கரைக்கும் தக்காண மேட்டுநிலத்திற்கும் இடையே ஒரு பெருஞ்சுவராக நிற்கின்றது. அச்சுவரில் ஆங்காங்குள்ள கணவாய்களின் வழியேதான் கடற்கரைத் துறைமுகங்களின் சரக்கு உள்நாட்டிற்கு ஏறியது. ஜுன்னர் நகரையடுத்த நாணேகாட் கணவாயில், கிறித்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டைச் சார்ந்ததெனக் கருதப்படும் சாதவாகனர் கல்வெட்டு ஒன்று உள்ளது. சாதவாகன அரசியொருத்தியின் வேள்விகளும் கொடைகளும் அதிற் குறிக்கப்பட்டுள்ளன. கணவாயின் தலைப்பில் ஒரு பெரிய கற்சாடி இன்றும் இருக்கின்றது. சுங்கக் காசு இடுவதற்குரிய சாடி அது என்று வழிவழியாகக் கூறுவர். போர்காட் கணவாயை அடுத்துக் கார்லா, பாஜா முதலிய பௌத்தக் குகைகள் உள்ளன. கார்லாவின் பெரிய வழிபாட்டுக் குகை ஏறத்தாழ 45 மீட்டர் நீளமுடையது. இந்தியாவில் அவ்வகைக் குகைகளுள் அதுவே மிகப் பெரியது. அதன் தூண்களைச் செய்வித்தோர் பெயர்களுள் யவனர் சிலருடைய பெயர்களும் வெட்டப்பட்டுள்ளன. சங்க நூல்கள் கூறும் யவனரை நம் கடற்கரைப் பட்டினங்களில் மட்டுமே எண்ணிப் பார்க்கும் நமக்கு, மராட்டிய மலைக்குகையிலும் அப்பெயரைக் காண்பது வியப்பும் மகிழ்ச்சியும் தருவதாகும்.

இப்பழம்பாதைகளைக் கால்நடையாகவே ஆராய்ந்தவர் பேராசிரியர் தாமோதர் தர்மானந்த கோசாம்பி ஆவார். 1907இல் கோவாவிற் பிறந்து 1966இற் புனேயில் மறைந்த இவர், தொழிலாற் கணித அறிஞர். பெர்கூசன் கல்லூரியிற் கணிதம் கற்பித்தவர். பின்னர் பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றியவர். ஓய்ந்த வேளைகளில் கையிற் கோலுடன் புனேயைச் சூழ்ந்த குன்றுகளிலும் சரிவுகளிலும் நடப்பது அவர் வழக்கம். அந்நடையில் அவர் பொறுக்கியெடுத்தவை சின்னஞ்சிறு கற்கருவிகள். உலோகம் அறியாத காலத்து மக்கள் தோல் சீவவும் இறைச்சி அறுக்கவும் பயன்படுத்திய நுண்கருவிகள் அவை. சிந்தூரம் பூசிய அம்மன் கற்கள் நிற்கும் சிற்றிடங்களை ஒட்டியும் அக்கருவிகள் கிடைப்பதை அவர் கண்டார். மழைக்காலம் தோறும் மந்தையை ஓட்டிக்கொண்டு இடம் மாறிய பழங்குடியினரின் தடமே பின்னர் வணிகர் பாதையாயிற்று. அப்பாதையின் ஓரத்திலேயே துறவியர் குகைகள் எழுந்தன. அம்மன் கற்கள் அப்பழைய தடங்களின் அடையாளமாக நின்றுவிட்டன என்று அவர் முடிவு கண்டார். 1962இல் வெளிவந்த அவருடைய 'மித் அண்ட் ரியாலிட்டி' என்னும் நூலில் இவ்வாராய்ச்சி இடம்பெற்றுள்ளது. நடப்பதும் ஓர் ஆராய்ச்சி முறையே என்பதை அவர் வாழ்க்கை நமக்குக் காட்டுகின்றது.

இனி நகரின் நடுவேயுள்ள பார்வதிக் குன்றின்மேல் ஏறுவோம். அகன்ற கற்படிகள் நூற்றுக்கு மேற்பட்டவை. அக்காலத்தில் யானையும் ஏறத்தக்கவாறு தாழ்வும் அகலமுமாக அமைக்கப்பட்டவை என்பர். உச்சியிலுள்ள கோயில், நானாசாகிப் எனப்பட்ட பேஷ்வா பாலாஜி பாஜிராவ் காலத்தில், 1749ஐ ஒட்டி எழுந்தது. அந்நாளில் மராட்டியர் ஆணை வடக்கே பஞ்சாபை எட்டும் நிலைக்கு வளர்ந்துகொண்டிருந்தது. தெற்கேயுள்ள காத்ரஜ் ஏரியிலிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியாக நகருக்கு நீர் கொணர்ந்தவரும் இவரே. ஆனால் 1761 சனவரி 14ஆம் நாள் பானிப்பட்டுப் போர்க்களத்தில் மராட்டியப் படை அழிந்தது. நானாசாகிப்பின் மூத்த மகனும், ஒன்றுவிட்ட தம்பியாகிய படைத்தலைவனும் அக்களத்தில் மாண்டனர். அச்செய்தியால் உளமுடைந்த பேஷ்வா, அவ்வாண்டு சூன் திங்களில் தாம் எழுப்பிய இப்பார்வதிக் குன்றின்மேலேயே உயிர்நீத்தார். இன்று காலை உலாவ வருவோர் இளைப்பாறும் அவ்விடத்தில்தான் ஒரு பேரரசின் ஏற்றம் முடிவுற்றது.

அதே குன்று மற்றொரு முடிவையும் கண்டது. 1817 நவம்பர் 5ஆம் நாள் நகருக்கு வடக்கே கட்கி என்னுமிடத்தில் பேஷ்வாவின் படைக்கும் ஆங்கிலேயர் படைக்கும் போர் நிகழ்ந்தது. கடைசிப் பேஷ்வாவாகிய இரண்டாம் பாஜிராவ், களத்திற்குச் செல்லாது பார்வதிக் குன்றின்மேல் நின்று அப்போரைப் பார்த்துக்கொண்டிருந்தார். படை தோற்றது. பன்னிரண்டு நாள் கழித்து நகரம் ஆங்கிலேயர் வசமாயிற்று. முன்னவர் தோல்வியைக் கேட்டு நெஞ்சுடைந்து இறந்தார். பின்னவர் தோல்வியைக் கண்ணாற் கண்டும் தப்பியோடி வாழ்ந்தார். இரண்டையும் கண்ட குன்று ஒன்றுதான்.

புனேயிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், கடல்மட்டத்திற்குமேல் 1,300 மீட்டருக்குச் சற்று மிகுந்த உயரத்தில் நிற்பது சிங்ககட். கொண்டாணா என்பது அதன் பழம்பெயர். 1328ஐ ஒட்டித் தில்லிச் சுல்தான் முகமது பின் துக்ளக் இக்கோட்டையை முற்றுகையிட்டபோது, நாகநாயக்கன் என்னும் கோளித் தலைவன் பல மாதம் எதிர்த்து நின்றான். அதன்பின் பீஜப்பூர்ச் சுல்தானிடமும், சிவாஜியிடமும் கோட்டை கைம்மாறியது. 1665 சூன் திங்களிற் புரந்தர் உடன்படிக்கையின்படி சிவாஜி முகலாயர்க்கு ஒப்புவித்த 23 கோட்டைகளுள் இதுவும் ஒன்று.

அதனை மீட்ட நிகழ்ச்சியை மராட்டிய நாட்டிற் சிறுவரும் அறிவர். 1670 பிப்ரவரி 4ஆம் நாள் இரவு, தானாஜி மாலுசரே என்னும் வீரர் சிறுபடையொன்றுடன் செங்குத்தான பாறையைப் பற்றியேறி உட்புகுந்தார். கோட்டைக் காவலனாகிய உதயபான் என்னும் இராசபுத்திரனுக்கும் தானாஜிக்கும் நேர்ந்த வாட்போரில் இருவருமே வீழ்ந்தனர். தலைவனை இழந்தும் மராட்டியர் கோட்டையைக் கைப்பற்றினர். கோட்டை கிடைத்தது, ஆயினும் சிங்கம் போயிற்றே என்று சிவாஜி வருந்தினார் எனவும், அன்றுமுதல் அது சிங்ககட் எனப் பெயர் பெற்றது எனவும் மக்கள் கூறுவர். கயிறு கட்டிய உடும்பைப் பாறைமேல் ஏவி, அதனைப் பற்றிக்கொண்டு வீரர் ஏறினர் என்ற கதையும் உண்டு.

இங்கே வரலாற்று மாணவர் சிறிது நிதானித்தல் வேண்டும். 1663ஆம் ஆண்டுக் கடிதமொன்றிலேயே சிங்ககட் என்னும் பெயர் வழங்குவதை ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆகவே பெயருக்குச் சொல்லப்படும் காரணம் பிற்காலத்தது. உடும்புக் கதையும் வீரப்பாடல் பாடுவோர் வாயிலாக வளர்ந்ததே. இதனால் தானாஜியின் பெருமை ஓரணுவேனும் குறைந்துவிடுமா? குறையாது. மாசித் திங்கள் இருளில், கைக்குப் பிடிப்பு அரிதான அந்தப் பாறையை அடியில் நின்று அண்ணாந்து பார்த்தவர் எவரும், அதில் மனிதர் ஏறினர் என்பதே உடும்புக் கதையினும் பெரிய வியப்பு என்பதை உணர்வர்.

தமிழராகிய நமக்குச் சிங்ககட்டில் வேறொரு நினைவுச் சின்னமும் உண்டு. அது இராஜாராமின் சமாதி. தானாஜி வீழ்ந்து இருபது நாள் கழித்து, 1670 பிப்ரவரி 24ஆம் நாள், இராஜகட் கோட்டையிற் பிறந்தவர் சிவாஜியின் இளைய மகன் இராஜாராம். 1689இல் தமையன் சம்பாஜி ஔரங்கசீப்பின் ஆணையாற் கொலையுண்டபின் பட்டமேற்ற இவர், தலைநகரில் நிற்க முடியாது தெற்கு நோக்கிப் புறப்பட்டார். அவர் வந்து சேர்ந்த இடம் நம் செஞ்சிக்கோட்டை. 1677இற் சிவாஜி கைப்பற்றி வலிவுபடுத்திய அக்கோட்டை, மகனுக்கு அடைக்கலமாயிற்று. ஏறத்தாழ எட்டாண்டுகள் மராட்டிய அரசின் தலைநகரம் செஞ்சியே. முகலாயப் படைத்தலைவன் சுல்பிகார்கானின் நெடிய முற்றுகை 1698இல் முடிவுற்றபோது கோட்டை வீழ்ந்தது. அதற்குள் இராஜாராம் தப்பித் தாயகம் மீண்டுவிட்டார். அங்கும் போர் ஓயவில்லை. 1700 மார்ச்சுத் திங்களின் தொடக்கத்திற் சிங்ககட்டில் அவர் நோயுற்று இறந்தார். வயது முப்பதே. ஒரு மலைக்கோட்டையிற் பிறந்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் மற்றொரு மலைக்கோட்டையில் அரசாண்டு, மூன்றாவது மலைக்கோட்டையில் முடிந்த வாழ்க்கை அது. செஞ்சியைப் பார்த்த தமிழர் சிங்ககட்டில் ஏறும்போது, அறியாத ஊருக்கு வந்தோம் என எண்ணத் தேவையில்லை.

சிங்ககட்டின்மேல் ஏறுதல் கடினமன்று. அடிவாரத்திலுள்ள ஆத்கர்வாடி என்னும் சிற்றூரிலிருந்து ஒற்றையடிப் பாதை செல்கின்றது. பழகாத கால்களுக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். உச்சிவரை வண்டிச் சாலையும் உண்டு. ஆயினும் நடந்து ஏறுவோர்க்கே பசியின் அருமை தெரியும். மேலேறியதும் குடிசைக் கடைகளிற் கடலைமாவுக் குழம்பாகிய பிட்லாவும், சோள ரொட்டியாகிய பாக்ரியும், வெங்காயப் பஜ்ஜியும், சிறு மண்கலயத்தில் உறையூற்றிய கட்டித் தயிரும் கிடைக்கும். நடந்து பழகியவர் காத்ரஜ் கணவாயிற் புறப்பட்டு, குன்றுக்குக் குன்று ஏறியிறங்கிச் சிங்ககட்டை அடைவதும் உண்டு. நிலவிரவில் அவ்வழியே நடப்பது புனே இளைஞர்க்கு ஒரு விருப்பம். 1663இல் லால் மகாலிற் புகுந்து சாயிஸ்தகானைத் தாக்கிய சிவாஜி, சிங்ககட்டிற்கு மீண்டார். துரத்தியோரை ஏமாற்றக் காத்ரஜ் பக்கம் எருதுகளின் கொம்பிற் பந்தம் கட்டி ஓட்டச் செய்தார் என்பது செவிவழிக் கதை. நிலவில் நடக்கும் இளைஞர் அக்கதையைத் தமக்குள் மீண்டும் ஒருமுறை சொல்லிக்கொள்வர்.

குன்றின்மேல் வாள் மட்டுமா எடுக்கப்பட்டது? சபதமும் எடுக்கப்பட்டது. 1905 சூன் 12ஆம் நாள் விடியற்காலையில், பெர்கூசன் கல்லூரிக்குப் பின்னுள்ள குன்றுப் புறத்தில் கோபால கிருஷ்ண கோகலேயும், திராவிட், தேவதர், பட்வர்தன் என்னும் மூன்று தோழரும் கூடினர். தமக்கெனப் பொருளீட்டாது நாட்டுக்கே உழைப்பதென உறுதி பூண்டனர். அங்ஙனம் தோன்றியதே இந்திய ஊழியர் சங்கம். அதன் மணிமண்டபம் இல்லை. முரசும் கொடியும் இல்லை. காலைக் கதிரவனும் கரும்பாறையுமே சான்று. இரண்டாண்டுகள் கழித்து அச்சங்கத்திற் சேர்ந்தவர் நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். 1915இற் கோகலே மறைந்தபின் அதன் தலைமையை ஏற்றவரும் அவரே. காவிரிக் கரையிலிருந்து வந்த ஒருவர் முட்டா நதிக் கரையில் நின்று நாட்டுக்கு உழைத்த வரலாறு, அக்குன்றடியிற்றான் தொடங்குகின்றது.

குன்றுகள் இந்நகருக்கு ஈந்த கொடைகளுள் தலையாயது நீர். தென்மேற்குப் பருவக்காற்று சஹ்யாத்திரியின் முகட்டில் மோதி, லோணாவளாவில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டர் அளவிற்கு மழையைக் கொட்டுகின்றது. அங்கிருந்து அறுபத்தைந்து கிலோமீட்டருக்குள் உள்ள புனேயிலோ மழை 700 மில்லிமீட்டரை ஒட்டியதே. செங்கோட்டைக்கு மேற்கே பெருமழையும் கிழக்கே சாரலும் காணும் நமக்கு இது புதிதன்று. மலைமேற் பொழிந்த நீரே ஆறாகி நகருக்கு வருகின்றது. அவ்வாறு வருவதைத் தேக்கக் கடக்வாஸ்லாவில் அணை எழுந்து 1879இல் முடிவுற்றது. முட்டா நதி முளாவொடு கூடி, பீமாவிற் கலந்து, கிருஷ்ணையொடு வங்கக் கடலை அடைகின்றது. அரபிக்கடலுக்கு அண்மையிற் பிறந்தும் கிழக்கு நோக்கி நடக்கும் ஆறுகளுள் காவிரிக்கு இவை உடன்பிறப்புகள்.

அந்நீரே ஒரு நாள் சினந்தது. 1961 சூலை 12ஆம் நாள் காலை, மலையிடையே கட்டி முற்றுப்பெறாதிருந்த பான்ஷேத் மண்ணணை உடைந்தது. அவ்வெள்ளம் கீழேயிருந்த கடக்வாஸ்லா அணையையும் உடைத்துக்கொண்டு நகருட் புகுந்தது. ஆற்றங்கரைப் பேட்டைகள் மூழ்கின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. மேட்டுநிலமே அன்று மக்களுக்குப் புகலிடம். பான்ஷேத் அணை பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. அதன் நீர்த்தேக்கத்திற்குத் தானாஜியின் பெயரே இடப்பட்டது. தெளிந்த நாளிற் சிங்ககட்டின்மேல் நின்றால் மலையிடுக்குகளில் நீர்த்தேக்கம் மின்னுவதைக் காணலாம். அழகிய காட்சி அது, எச்சரிக்கையும் அதுவே.

எச்சரிக்கை என்று கூறியதற்குக் காரணம் உண்டு. மலையின் இயல்பை மறந்து அதனை வெட்டினால் என்ன நேரும் என்பதை இம்மாவட்டம் அறிந்துள்ளது. 2014 சூலை 30ஆம் நாள், இடைவிடாத மழைக்கிடையே, அம்பேகாவ் வட்டத்து மாளீண் என்னும் சிற்றூரின்மேல் மலைச்சரிவு இடிந்து வீழ்ந்தது. ஊரே மண்ணிற் புதைந்தது. 150க்கு மேற்பட்டோர் மாண்டனர். பெருமழையோடு, சரிவுகளைச் சமன்படுத்தி நீரின் இயல்பான வழியை மாற்றியதும் கேட்டிற்குத் துணைபோயிற்று என ஆய்ந்தோர் குறித்தனர். மலை பகைவனல்லன், அதன் மொழி அறியாதார்க்கு மட்டுமே அது பகையாகின்றது.

நகரக் குன்றுகளின் நிலையும் கவலைக்குரியதே. அவற்றுள் உயர்ந்தது ஏறத்தாழ 800 மீட்டர் உயரமுள்ள வேதாளக் குன்று. விக்கிரமாதித்தன் கதையில் நாம் கேட்ட வேதாளத்திற்கு அதன்மேல் ஒரு சிறு கோயில் உண்டு. பழைய கல்லுடைக்கும் குழிகளில் மழைநீர் நிற்க, மயில்கள் அருகே அகவுகின்றன. நகரமோ நாற்புறமும் வளர்ந்து அக்குன்றைச் சூழ்ந்துவிட்டது. ஊர்தி நெரிசலைத் தீர்க்கக் குன்றின் வழியே சாலையும் சுரங்கமும் அமைப்பதென்னும் திட்டம் எழுந்தபோது, 2023இல் மக்கள் திரளாக நடந்து தம் எதிர்ப்பைத் தெரிவித்தனர். சாலை வேண்டுவோர் கூறுவதிலும் நியாயம் இல்லாமலில்லை. நாள்தோறும் மணிக்கணக்காக வீதியில் நின்று துன்புறுவோரும் இந்நகரத்தாரே. ஆயினும் ஒன்று எண்ணத்தக்கது. சாலையை வேறு வழியில் அமைக்க இயலும். சுற்றிச் செல்லவும் இயலும். 6.6 கோடி ஆண்டுப் பழமையான குன்றை வேறோரிடத்தில் அமைக்க எவராலும் இயலாது. குன்றின்மேல் வீழும் மழை பாறை வெடிப்புகளில் இறங்கி ஊற்றாகவும் கிணறாகவும் ஊருக்குப் பயன்படுகின்றது. குன்று குறைந்தால், காற்று மட்டுமன்றி நீரும் குறையும்.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. 2025 சூலைத் திங்களில் உலக நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு, மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னங்களின் வரிசையிற் சேர்த்தது. புனே மாவட்டத்துச் சிவநேரி, லோககட், இராஜகட் மூன்றும் அப்பட்டியலில் உள்ளன. பதினொரு கோட்டைகள் மகாராட்டிரத்தில். பன்னிரண்டாவது நம் செஞ்சி. இராஜாராமின் கால்கள் இணைத்த இரு நாட்டையும் இன்று உலகமும் ஒரே பட்டியலில் இணைத்துவிட்டது. காப்பாற்றும் கடமையும் அதனால் இரு நாட்டார்க்கும் பொதுவாயிற்று. செஞ்சிப் பாறையிற் பெயர் கிறுக்கும் கையும், சிங்ககட்டிற் குப்பை எறியும் கையும் ஒரே குற்றத்தையே செய்கின்றன.

மலைநிலத்தைக் குறிஞ்சி என ஒரு பூவின் பெயரால் வழங்கியவர் நம் முன்னோர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நீலகிரியிலும் பழனி மலையிலும் பூக்கும் அக்குறிஞ்சிக்கு, சஹ்யாத்திரியில் ஓர் உறவுச் செடி உண்டு. கார்வி என்பது அதன் பெயர். ஏழு எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடியும் வேளையில், சரிவு முழுவதையும் ஊதா நிறமாக்கிவிட்டு மாய்ந்துபோகும். விதைகள் மண்ணிற் காத்திருக்கும். அடுத்த பூப்பைக் காண நமக்கு வாய்க்குமோ என எண்ணியே மலைவாணர் அதனைப் பார்ப்பர்.

புனேயில் வாழும் தமிழன்பர்களே, அந்நகருக்குச் செல்லும் அன்பர்களே! அடுத்த ஞாயிறன்று விடியலில் ஒரு குன்றின்மேல் ஏறுங்கள். மழைக்காலமாயின் வழுக்கும் பாறையில் எச்சரிக்கையாக நடங்கள். கோடையாயின் கதிரவன் உச்சிக்கு வருமுன் இறங்கிவிடுங்கள். உங்கள் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பார்வதிக் குன்றில் நின்று நானாசாகிப்பையும், சிங்ககட்டில் நின்று இராஜாராமையும், கல்லூரிக் குன்றில் நின்று கோகலேயையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். கேட்ட பிள்ளைகள் அக்குன்றைத் தம்முடையதென எண்ணுவர். தம்முடையதென எண்ணும் மக்கள் இருக்கும்வரையில், குன்றை யாரும் எளிதிற் குறைத்துவிட முடியாது. குன்றுகள் இந்நகரைப் பன்னூறாண்டு காத்தன. இனி அவற்றைக் காப்பது நகரத்தாரின் முறை.